கால் ஒடிந்த சில்லு

ரேடியோவில் ஒரு சில்லு கெட்டால் கடையில் வேறு வாங்கலாம். 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘பேக்-மேன்’ விளையாட்டு எந்திரத்தில் எல்லாச் சில்லுக்கும் அது நடவாது. சில சில்லுகளை அந்நிறுவனம் தனக்கென்றே செய்துகொண்டது.

அப்படிப்பட்ட ஒன்றின் கால் துருப்பிடித்து ஒடிந்துவிட்டது என்று வையுங்கள். எறிந்துவிடுவதா? கூடாது! வெளியே தெரியும் கால், ஓர் உலோகத் தகட்டின் நுனிதான். மீதித் தகடு கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் நீள்கிறது. ஓரத்தை மெல்ல அராவினால் அது பளிச்சென்று தெரியும். அதில் சிறு கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் புதுக் கால் தயார். ஆனால், ஆழமாக அராவினால் தலைமுடியைவிட மெல்லிய உட்கம்பி அறுந்துவிடும். பிறகு சில்லு பிழைக்காது.

பழுது உள்ளேயே இருந்தால்? அது செய்த வேலையை ஆராய்ந்து, சாதாரணச் சில்லுகளைச் சேர்த்து மாற்றுப் பலகை அமைக்கிறார்கள். பேக்-மேனுக்கு அதுவும் செய்தாயிற்று.