மூவாரின் ஐந்தடி நடைபாதையும் பார்வையற்றோர் வாழ்க்கைத் தரமும்

பார்வைக் குறைபாட்டை மருத்துவர் அளப்பதும் அக்குறைபாட்டோடு வாழ்பவர் தம் வாழ்வை அளப்பதும் வேறுவேறு. இயல்பான கண் 60 மீட்டர் தொலைவில் அறியும் எழுத்தை, 3 மீட்டர் தொலைவிலும் அறிய இயலாதவரை உலகச் சுகாதார நிறுவனம் பார்வையற்றவர் என வகைப்படுத்துகிறது. வாழ்க்கைத் தரத்தையோ, ஒருவர் தம் பண்பாட்டுச் சூழலிலும் இலக்குகளை ஒட்டியும் தம் நிலையைத் தாமே எவ்வாறு உணர்கிறார் என்பதாக அதே நிறுவனம் வரையறுக்கிறது. அதற்கென அது வகுத்த 26 வினாக்கள் உடல், உள்ளம், உறவு ஆகியவற்றோடு சுற்றுச்சூழலையும் விசாரிக்கின்றன.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள மூவார் போன்ற பழைய நகரில் சுற்றுச்சூழல் என்பது பெரும்பாலும் தெருவே. கடைவீடுகளின் முன்னே கூரை நிழலில் நீளும் ஐந்தடி நடைபாதை, மக்கள் வழக்கில் அஞ்சடி, வெயிலும் மழையும் படாமல் நடப்பதற்கென்றே அமைந்தது. ஆயினும் இத்தகைய பாதைகளில் கடைக்குக் கடை தரையின் உயரம் மாறுவதாலும், சரக்குப் பெட்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் வழியை அடைப்பதாலும், வெண்கோலால் தடம் அறிந்து வருபவர் வண்டிகள் ஓடும் சாலையில் இறங்க நேர்கிறது. துணையின்றி வெளியே செல்ல முடியாதபோது வேலையும் நட்பும் கோயில் வழிபாடும், சமைக்க வேண்டிய மீனைத் தாமே தேர்ந்து வாங்கும் உரிமையும் ஒருங்கே கைநழுவுகின்றன. பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமையை 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அவ்வுரிமையை மறுப்போருக்குத் தண்டனை எதையும் அது விதிக்காததால், கடைக்காரரின் நல்லெண்ணத்தை நம்பியே நடக்கவேண்டிய நிலை நீடித்தது. இது பெருங்குறை.

தெருவைச் சீராக்குவதோடு பார்வையிழப்பைத் தடுப்பதும் தேவை. மலேசியாவில் 2014இல் 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடந்த தேசியக் கண் ஆய்வு, அவர்களில் 1.2 விழுக்காட்டினர் பார்வையற்றோர் எனக் கண்டது. காரணங்களில் 58.6 விழுக்காடு சிகிச்சை பெறாத கண்புரை, அதாவது விழியின் வில்லை மங்கிப்போதல். அறுவைச் சிகிச்சையால் இப்பார்வை பெரும்பாலும் மீளும். அடுத்த 10.4 விழுக்காடு, சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்குழாய்களைச் சிதைப்பதால் விளைவது. இதில் இழந்த பார்வை மீள்வது அரிது. மலேசிய இந்தியரிடையே சர்க்கரை நோய் மற்ற பெரும் இனத்தவரைவிட மிகுதி என்பதால், தமிழ்க் குடும்பங்கள் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது பேரிழப்பில் முடியக்கூடும்.

நடுவயதில் பார்வை இழந்தவர் நடமாட்டத்தையும் எழுத்தையும் புதிதாகக் கற்கவேண்டும். மூவாரை அடுத்த மலாக்காவில் பார்வையற்றோருக்கென 1926இல் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் பின்னர் பினாங்குக்கு இடம்பெயர்ந்தது. 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இயங்குகிறது. குடும்பப் பொறுப்புடையவர் பயிற்சிக்காக மாதக்கணக்கில் இவ்விடங்களில் தங்குவது எளிதன்று. தங்கிக் கற்றாலும், அந்நகரங்களின் தெருக்களில் பழகிய கோல்நடையை அஞ்சடியின் படிகளுக்கேற்பத் திருத்திக்கொள்ளவேண்டும். பயிற்றுநர் மூவாருக்கு வந்து, பயில்பவரின் வீட்டுவாசலிலிருந்து சந்தைவரை உடன் நடந்து கற்பிப்பதே பொருத்தமான முறை.