அலை வருமுன் பையை எங்கே வைப்பது?

திருச்செந்தூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்கிறார்: "நாலு பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்கிறோம். நண்பன் ஏற்றிய மாற்றங்களை இறக்க 'கிட் புல்' கொடுத்தேன். என் மாற்றங்கள் அழிந்துபோகும் என்று சொல்லி மறுத்துவிட்டது. நெட்டில் பார்த்து 'ரீசெட் ஹார்ட்' அடித்தேன். புல் ஓடியது, சாயங்காலம் முழுக்க எழுதிய நிரலைக் காணோம். திரும்பக் கிடைக்குமா?"

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மறுத்தது அவர் நன்மைக்குத்தான். புல் என்பது இரண்டு வேலை. 'ஃபெட்ச்' புதியதைக் கொண்டுவந்து ஓரமாக வைக்கும், நம் கோப்புகளைத் தொடாது. அடுத்த வேலையான 'மெர்ஜ்'தான் கோப்புகளை மாற்றும். நாம் திருத்திக் கமிட் செய்யாத (பதிந்துவைக்காத) அதே கோப்பை மாற்ற நேர்ந்தால் அங்கேயே நின்றுவிடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டைத் தொடங்கியது 2005 ஏப்ரலில், கமிட் செய்யாத வேலையை ஓரமாக எடுத்துவைக்கும் 'ஸ்டாஷ்' வசதி சேர்ந்தது 2007-இல். முந்தைய சிவிஎஸ், சப்வெர்ஷனில் அப்டேட் கொடுத்தால் நம் அரைகுறை வேலையும் பிறர் வேலையும் ஒரே கோப்பில் கலந்துவிடும். வரலாறு இவ்வளவு போதும்.

ஸ்டாஷைத்தான் ரசித்துப் பார்க்க வேண்டும். செந்தூரில் கடலாடப் போகிறவர்கள் பையை மணலில் வைப்பதில்லை, வீட்டு ஆள் ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். ஸ்டாஷ் அந்த ஆள். ஆனால் ரொம்பக் கெட்டிக்கார ஆள். பையில் இருப்பதை ஒரு பட்டியல் போடுவார். நாழிக்கிணற்றில் குளித்தபின் உடுத்த நாம் தனியே எடுத்துவைத்ததை (அதாவது அடுத்த கமிட்டுக்கென 'ஆட்' செய்ததை) இன்னொரு பட்டியல் போடுவார். கரையில் நாம் நின்ற இடத்தையும் குறித்துக்கொள்வார். கிட்டுக்குள் இந்த இரண்டு பட்டியலும் இரண்டு முழுமையான கமிட்கள். முதல் கமிட்டுக்குப் பெற்றோர் இருவர்: நாம் நின்ற கமிட், 'ஆட்' செய்ததன் கமிட். கமிட் செய்யாத வேலையைக் காப்பாற்றக் கிட் செய்வது, அதைச் சத்தமில்லாமல் கமிட் செய்துவிடுவதுதான்! பையைத் திரும்ப வாங்க 'ஸ்டாஷ் பாப்' கொடுத்தால், நின்ற இடம், நம் பை, அலை (அதாவது புல்) மாற்றிய கரை மூன்றையும் ஒப்பிட்டுச் சேர்க்கும். முரண் வந்தால் பையை விடாது, ஸ்டாஷ் பட்டியலில் அப்படியே இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: இதுவரை 'ஆட்' செய்யாத புத்தம்புதுக் கோப்புகளை, நாம் தனியாகச் சொன்னாலொழிய ஸ்டாஷ் எடுத்துக்கொள்ளாது.

இதையெல்லாம் தானே செய்யும் 'ஆட்டோஸ்டாஷ்' உண்டு. நல்ல வசதிதான், ஆனால் முரண்களைத் தீர்க்கும் வேலை நம்முடையதே. "ஏஐ பார்த்துக்கொள்ளும்" என்ற விளம்பரத்தை நான் நம்பத் தயாரில்லை. ஏஐ பரிந்துரைக்கும் கட்டளையில், கமிட் செய்யாததை அழிக்கும் 'ஹார்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்காமல் என்டர் தட்டாதீர்கள்.

இனி மாணவருக்குப் பதில். அன்று மாலை ஒருமுறையாவது 'கிட் ஆட்' கொடுத்திருந்தால், அந்த நேரத்து உள்ளடக்கம் கிட்டின் கிடங்கில் இருக்கும். 'எஃப்எஸ்சிகே' கட்டளையை 'லாஸ்ட் ஃபவுண்ட்' தேர்வோடு ஓட்டுங்கள். கோப்பின் பெயர் இருக்காது, திறந்து படித்துத்தான் அடையாளம் காண வேண்டும். துப்புரவுக் கட்டளையான 'ஜிசி'யை மட்டும் தொடாதீர்கள், அது இரண்டு வாரம் தாண்டிய அநாதைப் பொருள்களை அழித்துவிடும். 'ஆட்' கொடுக்கவில்லையா? விஎஸ் கோடில் எழுதியிருந்தால் 'டைம்லைன்' பகுதியைப் பாருங்கள். 2022-இலிருந்து ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது ஒரு பிரதி வைக்கிறது. இரண்டும் இல்லையென்றால் கிட்டிடம் அந்த நிரல் இல்லை.

ஓப்பன்-தமிழ் போன்ற தமிழ்க் கணிமைத் திட்டங்கள் கிட்ஹப்பில்தான் வளர்கின்றன. அவற்றுக்குப் பங்களிக்கப் போகும் மாணவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்: புல் கொடுக்கும் முன் உங்கள் கிளையில் ஒரு கமிட் போடுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம்.