ஆற்றின் தலையில் தீ

வெள்ளத்துக்கும் கடலுக்கும் திட்டம் தீட்டக் கற்றுக்கொண்ட கேரளப் பஞ்சாயத்துகள், காட்டுத் தீயை இன்னும் வனத்துறையின் வீட்டு விவகாரமாகவே பார்க்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கமோ, தீ எரிந்தபோது பஞ்சாயத்தில் ஆளே இல்லை.

பூவாரில் போய் காட்டுத் தீ பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். நெய்யாறு கடலில் கலக்கும் ஊர் அது. தென்னந்தோப்பு, உப்பங்கழி, படகுச் சவாரி, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே பொழி எனப்படும் மணல்திட்டு. இங்கே ஆபத்து என்றால் அது தண்ணீர்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் இந்தக் கரையோரத்து மீனவர்களைக் கடலிலேயே மடக்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் 400க்கும் மேற்பட்டவர்களைப் பலிவாங்கிய பெருவெள்ளம் வந்தது. நெருப்புக்குப் பயப்பட இந்த ஊருக்கு ஏது நேரம்?

ஆனால் பூவாரின் ஆறு பூவாரில் பிறக்கவில்லை. சுமார் 56 கி.மீ. மேலே, 1,868 மீட்டர் உயர அகஸ்தியமலைச் சரிவுகளில் பிறக்கிறது. அங்கே 1958இல் அறிவிக்கப்பட்ட நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 128 சதுர கி.மீ. பரப்பில் விரிந்திருக்கிறது. அதன் நடுவே நெய்யாறு அணை. 2017 வறட்சியில் தலைநகர் திருவனந்தபுரமே தாகத்தில் தவித்தபோது, இந்த அணையின் நீரைத்தான் பம்ப் செய்து அருவிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். 1956இல் மொழிவாரியாக எல்லை பிரிந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது, விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. ஒரே ஆற்றின் பாசனம் இரண்டு மாநில வழக்காயிற்று. விளவங்கோட்டுக்கான கால்வாய் நீரைக் கேரளம் 2004இல் நிறுத்தியது. தமிழகம் 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தண்ணீர் யாருக்கு என்று இத்தனை சண்டை. அது பிறக்கும் காடு எரியாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்று மட்டும் யாரும் சண்டை போடுவதில்லை.

காடு எரிந்தால் ஆற்றுக்கு என்ன ஆகிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பற்றுவது பெரும்பாலும் தரைத் தீ. அமெரிக்கப் படங்களில் வருவதுபோல மர உச்சி விட்டு உச்சி தாவும் தீ இங்கே அபூர்வம். காய்ந்த புல், சருகு, உண்ணிச்செடி, பட்டுப்போன மூங்கில் ஆகியவற்றை மேய்ந்துகொண்டு போகும். பெரிய மரங்கள் தப்பிவிடலாம். ஆனால் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கசியவிடும் சருகு மெத்தை போய்விடுகிறது. முளைத்துவந்த கன்றுகள் கருகுகின்றன. அடுத்த ஜூனில் முதல் மழை அந்த மொட்டைச் சரிவில் விழும்போது, நீரோடு மண்ணும் இறங்குகிறது. அணையில் சேறு, கோடையில் வற்றும் ஓடை என்று இரண்டு நஷ்டம். ஆற்றில் வரத்துக் குறைந்தால் முகத்துவாரத்தில் கடலின் கை ஓங்குகிறது. உப்பு உள்ளே ஏறுகிறது.

இதையெல்லாம் எழுதிவைப்பதற்கு ஒரு சந்தர்ப்பமும் வந்தது. வெள்ளத்தில் பட்ட அடிக்குப் பிறகு, கேரள அரசு 2020 வாக்கில் 'நம்மள் நமுக்காயி' என்ற இயக்கத்தைத் தொடங்கி, 941 கிராமப் பஞ்சாயத்துகள் உட்பட எல்லா உள்ளாட்சிகளையும் தத்தம் பேரிடர் திட்டத்தை எழுதச் சொன்னது. 1996 ஆகஸ்ட் 17இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மாநிலத்துக்கு இது புதிய வித்தையல்ல. வார்டு வார்டாக அபாயங்களைப் பட்டியலிடுவது, நிவாரண முகாமுக்கு ஏற்ற பள்ளியைக் குறிப்பது, படகு யாரிடம், மரம் அறுக்கும் இயந்திரம் யாரிடம் என்று எழுதிவைப்பது என்ற வகையில் நாட்டிலேயே முன்னோடி முயற்சி. ஆனால் பட்ட இடத்தில்தான் கை போகும். வெள்ளத்தில் பிறந்த இயக்கத்துக்கு வெள்ளம்தான் முதல் கவலையாக இருக்க முடியும். மலையோரத்து அம்பூரிக்கும் அப்படியே: 2001 நவம்பர் 9 இரவு நிலச்சரிவில் ஏறக்குறைய 40 உயிர்களைப் பறிகொடுத்த ஊர் மழையைப் பார்த்து மிரள்வதில் தவறு சொல்ல முடியாது.

தீ கேரள உள்ளாட்சிகளின் தலைப்புச் செய்தியானது காட்டின் வழியாக அல்ல, குப்பையின் வழியாக. 2023 மார்ச் 2இல் கொச்சி மாநகராட்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு பற்றிக்கொண்டு சுமார் 12 நாள் புகைந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதன்பின் திறந்தவெளியில் குப்பை எரிப்பவர்கள்மீது பஞ்சாயத்துகள் கண்டிப்புக் காட்டத் தொடங்கின. காட்டோரப் பஞ்சாயத்தில் இந்தக் கண்டிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்தியக் காடுகளில் பற்றும் தீயில் பெரும்பங்கு மனிதக் கை வைத்ததுதான். தோட்டத்துச் சருகைக் கூட்டி வைத்த தீ, மேய்ச்சலுக்குப் புல் தளிர்க்க வைத்த தீ, அணைக்காமல் எறிந்த பீடி, வாகனத்திலிருந்து இறங்கிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் விட்டுப்போன அடுப்பு. இவற்றில் பல காட்டின் எல்லைக்கல்லுக்கு வெளியே, பஞ்சாயத்தின் ஆட்சிக்கு உட்பட்ட தனியார் நிலத்தில் பிறந்து உள்ளே போகின்றன. எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதற்குத் தீ என்ன வருவாய்த்துறை ஊழியரா?

வனத்துறையின் முறைகள் பழையவை; பெரும்பாலும் பலனளிப்பவையும்கூட. ஜனவரிக்குள் தீத்தடுப்புக் கோடுகளைச் செதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். ஓரங்களில் பனி ஈரம் இருக்கும்போதே கட்டுப்படுத்தி எரித்துவிட வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீக் காவலர்கள் வேண்டும். நெய்யாற்று வனத்தில் காட்டின் வழி தெரிந்தவர்கள் காணிக்காரர்கள். பசுந்தழைக் கொத்தால் தீயின் விளிம்பை அடித்து அணைப்பதும், காற்றின் போக்குப் பார்த்து எதிர்த்தீ வைப்பதும் வகுப்பறையில் வருகிற பாடமல்ல. இந்த அனுபவத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் பருவகாலத் தினக்கூலி.

அதன் விலை என்ன என்பது 2020 பிப்ரவரி 16இல் தெரிந்தது. திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தீயை அணைக்கப் போன மூன்று வனக் காவலர்கள் அதற்கே பலியானார்கள். எரிந்தது இயற்கைக் காடுகூட அல்ல, செய்தித்தாள் காகித ஆலைக்காக வளர்க்கப்பட்ட தோட்டம். உயர வளர்ந்த புதருக்கு நடுவே காற்று திசை மாறினால் அனுபவமும் உதவாது.

காட்டுத் தீயில் தமிழகம் கண்ட பெரிய துயரம் அதற்கும் இரண்டு ஆண்டு முந்தையது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் மலையேற வந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறங்கிவரும் வழியில் தீக்குள் சிக்கினார்கள். பலர் பெண்கள். அனுமதி வாங்கியிருந்தது டாப் ஸ்டேஷன் பாதைக்கு. இறங்கியது கொழுக்குமலைச் சரிவில். மலைச் சரிவில் தீக்கு ஒரு குணம் உண்டு. மேல்நோக்கி ஏறும்போது சுவாலை முன்னால் இருக்கும் புல்லைச் சூடாக்கிக்கொண்டே போகும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புக்காரர்களின் கணக்கு. இடுப்பளவு காய்ந்த புல்லில் ஓடி ஜெயிக்க முடியாது. முதலில் 9 பேர் என்றார்கள். மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக இறந்து எண்ணிக்கை 23 ஆனது.

ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் முதலில் மேலே ஏறியவர்கள் உள்ளூர்க்காரர்கள். இருட்டில், போர்வையில் டோலி கட்டி, தீக்காயம் பட்டவர்களைச் சுமந்து இறக்கினார்கள். அவர்களுக்குக் கைவிளக்கோ, ஸ்ட்ரெச்சரோ, தீக்காயத்துக்கு முதலுதவிப் பயிற்சியோ யாரும் முன்கூட்டித் தந்திருக்கவில்லை. தந்திருக்க வேண்டிய பஞ்சாயத்தே அன்று இல்லை. 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் ரத்தாகி, தமிழக ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன. குரங்கணி எரிந்தபோது ஊரார் கேள்வி கேட்கத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. விசாரணைக்கு ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா நியமிக்கப்பட்டார். மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அதே ஆண்டு விதிகள் வந்தன. தேனி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் வந்ததோ 2019 டிசம்பரில்.

விதிகள் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளில் மலையேற்றத் திட்டம் தொடங்கியபோது, உள்ளூர் மலைவாழ் இளைஞர்கள் வழிகாட்டிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். 2025இல் தீப் பருவம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து பாதைகள் மூடப்பட்டன. சுற்றுலா வருமானத்தைவிட நாள்காட்டி முக்கியம் என்று ஒரு அரசுத் துறை நினைத்தது சின்ன விஷயமல்ல.

மலையேறுபவர்களை மார்ச்சில் தடுக்கலாம். மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களை எங்கே அனுப்புவது? 1927 இந்திய வனச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, காட்டில் உரிமை அனுபவிப்பவர்கள் தீயைக் கண்டால் தகவல் தரவும் அணைக்க உதவவும் கடமைப்பட்டவர்கள் என்கிறது. பிரிட்டிஷ் காலத்து எண்ணம்: காடு அரசுக்கு, கடமை ஊருக்கு. 2006 வன உரிமைச் சட்டம் அதைத் திருப்பிப்போட்டது. அதன் 5ஆம் பிரிவு காட்டையும் நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் காக்க உரிமைதாரர்களுக்கும் கிராம சபைக்கும் அதிகாரம் தருகிறது. கேரளத்தில் 1998 வாக்கிலிருந்தே வன சம்ரக்ஷண சமிதிகள் இருக்கின்றன. ஆனால் சமிதி வனத்துறையின் பிள்ளை. பஞ்சாயத்து உள்ளாட்சித் துறையின் பிள்ளை. இரண்டும் ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவது அபூர்வம்.

உட்கார்ந்தால் செய்யக்கூடியவை பெரிய செலவுள்ளவை அல்ல. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2017 முதல் 375 மீட்டர் துல்லியமுள்ள செயற்கைக்கோள் உணரியின் தகவலை வைத்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பதிவு செய்துகொண்டால் எவருடைய செல்போனுக்கும் வரும். பஞ்சாயத்துத் தலைவருக்கும் காட்டோர வார்டு உறுப்பினருக்கும் வருவதில் என்ன தடை? காட்டை ஒட்டிய ரப்பர், தென்னைத் தோட்டங்களின் ஓரத்தில் டிசம்பரிலேயே புதரை வெட்டுவதை ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கலாம். தீயணைப்பு வண்டி எந்தக் கிளைச்சாலையில் திரும்ப முடியாது, எந்தக் குளத்தில் மார்ச்சிலும் தண்ணீர் நிற்கும் என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். ஆளும் இருக்கிறது. கேரள தீயணைப்புத் துறை 2019-20இல் சிவில் டிஃபென்ஸ் அமைப்பைத் தொடங்கியபோது, நிலையத்துக்கு 50 பேர் வீதம் 124 நிலையங்களில் 6,200 தொண்டர்கள் என்று கணக்கிட்டது. நெய்யாற்றங்கரைத் தொண்டர்கள் படகு ஓட்டவும் மரம் அறுக்கவும் பயிற்சி பெற்றால் போதாது. பசுந்தழைக் கொத்தை எப்படிப் பிடிப்பது என்று காணிக்காரர்களிடம் ஒரு நாள் கற்றுக்கொள்ளலாம்.

பூவார் இதற்கு என்ன செய்ய முடியும்? காட்டுக்குக் காவல் போக முடியாது. ஆனால் ஆற்றின் கடைமடைப் பஞ்சாயத்து, தலைமடைப் பஞ்சாயத்தோடு சேர்ந்து ஒரு திட்டம் எழுதக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பஞ்சாயத்துகள் கூட்டுத் திட்டம் போடுவது கேரளத்தில் பழக்கமானதுதான். நெய்யாற்றின் தண்ணீரைக் குடிக்கிற ஊர்கள், அதன் காட்டில் மூன்று மாதம் காவல் நிற்பவர்களின் கூலியில் ஒரு பங்கைத் தரலாம். 2025 டிசம்பர் தேர்தலில் வந்த புதிய உறுப்பினர்களுக்கு அந்த வேலைக்கு ஐந்து கோடைகள் இருக்கின்றன.

போடி மலையடிவாரத்து ஊராட்சிகளுக்கு அந்த வசதியும் இல்லாமல் போயிற்று. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. புதிய தேர்தல் நடக்கவில்லை. அந்த ஆண்டின் தீப் பருவம் தொடங்கியபோது ஊராட்சிக் கணக்குப் புத்தகங்கள் மறுபடியும் தனி அலுவலர்களின் மேசையில் இருந்தன.