மருத்துவ நூலகரின் தொடர்கல்வி

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நூலகம், மருத்துவப் புலத்தின் முதல் முதல்வரான டி. ஜே. தனராஜ் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கு மருத்துவம் பயில விழையும் நம் மாணவர் பலர். நூலகராகலாம் என எண்ணுவோர் சிலரே.

நூலகர் பணி புத்தகம் அடுக்குவது என்று கருதுவோர்க்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்துமா ஆய்வுக்காக ஹெக்சாமெத்தோனியம் என்னும் மருந்தை உள்ளிழுத்த, நல்ல உடல்நலத்துடன் இருந்த இளம்பெண் ஒருவர் நுரையீரல் பழுதடைந்து இறந்தார். ஆய்வாளர் தேடிய பப்மெட் தரவுத்தளம் அன்று 1966 முதலான கட்டுரைகளையே கொண்டிருந்தது. அம்மருந்து நுரையீரலைக் கெடுக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோ 1950-களின் அச்சு இதழ்களில் கிடந்தது. பழைய அச்சு அட்டவணைகளைப் புரட்டத் தெரிந்த நூலகர் ஒருவரிடம் கேட்டிருந்தால் அது கிடைத்திருக்கக்கூடும்.

தேடற்சொற்களும் நிலையானவை அல்ல. புற்றுநோய்க் கட்டுரைகள் பப்மெட்டில் 'நியோபிளாசம்ஸ்' என்னும் தலைப்பின்கீழ் அடங்குகின்றன. 1960 முதல் வழங்கிவரும் இத்தலைப்புகள் ஆண்டுதோறும் திருத்தப்படுகின்றன. ஆகவே என்றோ பெற்ற பட்டம் மட்டும் போதாது.

வாய்ப்புகள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே உள்ளன. ஷா ஆலமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் நூலகக் கல்வி அளித்து வந்துள்ளன. பின்னது 1987-இல் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இணையவழிப் பயிற்சிகளுக்குக் கட்டணமில்லை. ஒருவரே பணிபுரியும் சிறு நூலகத்தில், அவர் பயிலரங்குக்குச் சென்றால் கதவை அடைக்க வேண்டியதுதான். அத்தகையவர் கிள்ளானில் தம் வீட்டிலிருந்தே மாலையில் பயிலலாம்.