ஒஹாயோ ஆளுநர் தேர்தல்: விவேக் ராமசாமிக்குச் சிவப்புக் கம்பளமா, கடும் போட்டியா? களத்தில் யார், விலகியவர் யார்?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வரும் நவம்பர் 3-ம் தேதி ஆளுநர் தேர்தல் நடைபெறவுள்ளது. அதற்கு முன்பாக, கட்சிகளின் வேட்பாளர்களை முடிவு செய்யும் உட்கட்சித் தேர்தல் மே 5-ம் தேதி நடக்கிறது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த தொழிலதிபர் விவேக் ராமசாமி குடியரசுக் கட்சியின் முன்னணி வேட்பாளராக இருப்பதால், இந்தத் தேர்தல் இந்தியாவிலும் கவனத்தை ஈர்த்துள்ளது. ஜனநாயகக் கட்சியின் தரப்பில், அம்மாநில சுகாதாரத் துறையின் முன்னாள் இயக்குநரான மருத்துவர் எமி ஆக்டன் களத்தில் உள்ளார்.

இந்த இருவருமே இதுவரை எந்த அரசுப் பதவிக்கும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். ஏறக்குறைய 1 கோடியே 18 லட்சம் மக்கள் வாழும் ஒரு பெரிய மாநிலத்தின் ஆட்சிப் பொறுப்புக்கு அனுபவம் மிக்க அரசியல்வாதிகள் பலர் காத்திருந்த நிலையில், அவர்கள் அனைவரும் எப்படி ஒதுங்கினார்கள் என்பதே இத்தேர்தலின் முதல் கதை.

இந்திய ஆளுநர் வேறு, அமெரிக்க ஆளுநர் வேறு

'ஆளுநர் தேர்தல்' என்ற சொல்லே இந்திய வாசகருக்குச் சற்று விந்தையாக ஒலிக்கக்கூடும். இந்தியாவில் அரசமைப்புச் சட்டத்தின் 155-வது பிரிவின்படி ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆட்சி நிர்வாகம் முதலமைச்சரின் தலைமையிலான அமைச்சரவையிடம் இருக்கிறது. அமெரிக்காவில் அப்படியல்ல. அங்கு ஆளுநரே மாநில அரசின் தலைவர். நம் ஊர் முதலமைச்சரின் இடத்தில் அவரை வைத்துப் பார்ப்பதே பொருத்தமானது. ஆனால் முதலமைச்சரைப் போல அவர் சட்டப்பேரவையின் பெரும்பான்மையை நம்பிப் பதவியில் இருப்பவரும் அல்லர். வாக்காளர்கள் நேரடியாக நான்கு ஆண்டுகளுக்கு அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒஹாயோவில் பேரவையின் இரு அவைகளும் நிறைவேற்றும் மசோதாவை ஆளுநர் நிராகரிக்கலாம். நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களில் தனக்கு உடன்பாடில்லாத வரிகளை மட்டும் நீக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவரது நிராகரிப்பை முறியடிக்க இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்களின் ஆதரவு தேவை. முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாகப் பத்து நாட்களுக்குள் அவர் முடிவெடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மசோதா தானாகவே சட்டமாகிவிடும். மசோதாக்களுக்குக் காலக்கெடு விதிப்பது தொடர்பாகத் தமிழக அரசு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஒரு தீர்ப்பையும், குடியரசுத் தலைவர் விளக்கம் கோரிய பின் அதே ஆண்டு நவம்பரில் அரசியல் சாசன அமர்வு மாறுபட்ட கருத்தையும் தெரிவித்ததை அறிந்தவர்களுக்கு இந்தப் பத்து நாள் விதி ஆர்வமூட்டலாம்.

ஒரே நபர் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒஹாயோ ஆளுநராக இருக்க முடியாது. 2019 முதல் பதவியில் இருக்கும் குடியரசுக் கட்சியின் மைக் டிவைன் அந்த வரம்பை எட்டிவிட்டார். அதனால்தான் இந்த முறை நாற்காலி காலியாகிறது.

ஒரு பதவி காலியானதால் மாறிய வரிசை

டிவைனுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குக் குடியரசுக் கட்சியினர் நீண்ட காலமாகச் சொல்லிவந்த பதில், துணை ஆளுநராக இருந்த ஜான் ஹஸ்டட். 2024 அதிபர் தேர்தல் அந்தக் கணக்கைக் கலைத்தது. ஒஹாயோவின் செனட் உறுப்பினராக இருந்த ஜே.டி. வான்ஸ் நாட்டின் துணை அதிபரானார். அவர் விட்டுச் சென்ற செனட் இடத்துக்கு ஒருவரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்தது. விவேக் ராமசாமியின் பெயரும் அதற்கு அடிபட்டது. ஆனால் 2025 ஜனவரியில் டிவைன் தேர்ந்தெடுத்தது ஹஸ்டட்டை. ஆளுநர் பதவிக்கான வரிசையில் முதலில் நின்றவர் அப்படியே வாஷிங்டன் சென்றுவிட, அந்த இடம் வெற்றிடமானது.

அந்த வெற்றிடத்தில் ராமசாமி நுழைந்தார். அதிபர் டொனால்ட் டிரம்ப் அமைத்த அரசுத் திறன் மேம்பாட்டுத் துறையை எலான் மஸ்க்குடன் இணைந்து வழிநடத்த அறிவிக்கப்பட்டிருந்த அவர், டிரம்ப் பதவியேற்ற 2025 ஜனவரி 20-ம் தேதியே அப்பொறுப்பிலிருந்து விலகினார். பிப்ரவரி 24-ம் தேதி ஆளுநர் தேர்தலில் போட்டியிடுவதாக அறிவித்தார். அன்றைய தினமே டிரம்ப் தமது ஆதரவைத் தெரிவித்தார்.

இந்தக் காலத்தில் நடந்தவை வேகமானவை. மாநிலக் கருவூலர் ராபர்ட் ஸ்பிரேக் ஆளுநர் பதவிக்கான முயற்சியைக் கைவிட்டு ராமசாமியை ஆதரித்தார். மாநிலத் தலைமை வழக்கறிஞர் டேவ் யோஸ்ட் சில மாதங்கள் தாக்குப்பிடித்தார். ஆனால் மே மாதம் மாநிலக் கட்சிக் குழுவும் ராமசாமிக்கு ஆதரவு அளித்ததும் அவரும் விலகினார். உட்கட்சித் தேர்தலுக்கு ஓராண்டு இருக்கும்போதே ஒரு கட்சி தன் வேட்பாளரை முடிவு செய்வது வழக்கமானதன்று.

எஞ்சியிருந்த ஒரே பெரிய கேள்வி ஜிம் டிரெசல். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளரான இவரை, ஹஸ்டட் சென்ற பின் துணை ஆளுநராக டிவைன் நியமித்தார். அமெரிக்கக் கால்பந்து ஏறக்குறைய ஒரு மதம்போல் பின்பற்றப்படும் மாநிலத்தில் அவரது பெயருக்கு உள்ள ஈர்ப்பு சாதாரணமானதல்ல. நம் ஊரில் ஒரு கிரிக்கெட் நட்சத்திரம் தேர்தலில் நிற்பாரா என்று காத்திருப்பதைப் போலவே அங்கும் காத்திருந்தார்கள். 2025 அக்டோபரில் அவர் போட்டியிடவில்லை என்று தெரிவித்துவிட்டார். உட்கட்சித் தேர்தலில் ராமசாமிக்குச் சிறிய எதிர்ப்பு மட்டுமே இப்போது மிஞ்சியுள்ளது.

ஜனநாயகக் கட்சியிலும் இதேபோன்ற விலகல்களே நிகழ்ந்தன. நீண்ட காலம் செனட் உறுப்பினராக இருந்து 2024-ல் தோற்ற ஷெராட் பிரவுன், ஆளுநர் தேர்தலைத் தவிர்த்து மீண்டும் செனட் போட்டியைத் தேர்வு செய்தார். 2022-ல் வான்ஸிடம் தோற்ற முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் டிம் ரயன் பல மாதங்கள் யோசித்துவிட்டு, 2025 நவம்பரில் பின்வாங்கினார். அனைவருக்கும் முன்பாக 2025 ஜனவரியிலேயே களமிறங்கிய ஆக்டனுக்குப் பாதை தெளிவானது.

பாலக்காட்டு வேர்கள், சின்சினாட்டி பிறப்பு

1985-ல் சின்சினாட்டியில் பிறந்த விவேக் ராமசாமியின் பெற்றோர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியிலிருந்து குடிபெயர்ந்த, தமிழ் பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். 2023-ல் அதிபர் வேட்பாளராகும் முயற்சியில் அவர் ஈடுபட்டிருந்தபோது, வேலூரைச் சேர்ந்த ஒருவருடன் மேடையில் தமிழில் பேசிய காணொலி இணையத்தில் பரவியது.

ஹார்வர்டில் உயிரியலும் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டமும் பயின்ற அவர், 2014-ல் ரொய்வன்ட் சயின்சஸ் என்ற மருந்து நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் செல்வந்தரானார். யேலில் அவரும் வான்ஸும் ஒரே காலத்தில் படித்தவர்கள். பெருநிறுவனங்கள் சமூக அரசியல் பேசுவதைக் கண்டித்து 2021-ல் எழுதிய நூல் அவரைப் பழமைவாதிகளிடையே பிரபலமாக்கியது. 2024 ஜனவரியில் அயோவா மாநில வாக்கெடுப்பில் நான்காம் இடம் பெற்றதும் போட்டியிலிருந்து விலகி டிரம்ப்பை ஆதரித்தார்.

டிரம்ப்பின் ஆதரவு இருந்தும், அவரது ஆதரவாளர்களில் ஒரு பிரிவினருடன் ராமசாமிக்கு உரசல் உண்டு. 2024 டிசம்பரில் எச்-1பி விசா குறித்த விவாதத்தின்போது, அமெரிக்கக் கலாசாரம் சிறப்பைவிடச் சராசரியைக் கொண்டாடுவதாக அவர் எழுதிய பதிவு கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2025 அக்டோபரில் மொன்டானாவில் நடந்த மாணவர் கூட்டம் ஒன்றில், இந்துவான அவர் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் எப்படித் தலைமை ஏற்க முடியும் என்ற தொனியில் கேள்விகள் எழுப்பப்பட்டன. அமெரிக்கர் என்பது மூதாதையரால் வருவதல்ல, நாட்டின் கொள்கைகளை ஏற்பதால் வருவது என்பதே அவர் தொடர்ந்து முன்வைக்கும் வாதம். சொந்தக் கட்சிக்குள்ளேயே இதை அவர் விளக்க வேண்டியிருப்பது கவனிக்கத்தக்கது.

இதற்கு முன் இரண்டு இந்திய வம்சாவளியினர் அமெரிக்க மாநில ஆளுநர்களாக இருந்துள்ளனர். லூசியானாவில் பாபி ஜிண்டால் (2008-2016), தென் கரோலினாவில் நிக்கி ஹேலி (2011-2017). இருவருமே பஞ்சாபை வேராகக் கொண்டவர்கள், குடியரசுக் கட்சியினர், கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவர்கள். ராமசாமி வென்றால் அந்த வரிசையில் மூன்றாமவராகவும், இந்துவாகவே இருந்து அப்பதவியை எட்டிய முதல் இந்திய வம்சாவளியினராகவும் இருப்பார்.

ஒஹாயோவுக்கு இந்திய முகங்கள் புதியவை அல்ல. ராமசாமி பிறந்த சின்சினாட்டியின் மேயர் அஃப்தாப் பூரேவாலின் தந்தை இந்தியர், தாய் திபெத்தியர். ஜனநாயகக் கட்சியினரான அவர் 2025-ல் தோற்கடித்தது துணை அதிபர் வான்ஸின் சகோதரரை.

கூடாரத்திலிருந்து தலைநகருக்கு

எமி ஆக்டனின் வாழ்க்கை வேறு திசையிலிருந்து வருவது. எஃகு ஆலைகள் மூடப்பட்டு நலிந்த யங்ஸ்டவுன் நகரில் வறுமையில் வளர்ந்தவர் அவர். குடும்பத்துக்கு வீடில்லாமல் ஒரு குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்ததாக அவரே கூறியுள்ளார். மருத்துவரான அவரை 2019-ல் சுகாதாரத் துறை இயக்குநராக நியமித்தவர் குடியரசுக் கட்சி ஆளுநரான டிவைன்.

ஓராண்டுக்குப் பின் கொரோனா வந்தது. மாநிலம் முழுவதும் பள்ளிகளை மூட முதலில் முடிவெடுத்தது ஒஹாயோதான். 2020 மார்ச் 17-ம் தேதி நடக்கவிருந்த அதிபர் உட்கட்சித் தேர்தலுக்கு முந்தைய இரவில் வாக்குச்சாவடிகளை மூடும் உத்தரவில் ஆக்டன் கையெழுத்திட்டார். நாள்தோறும் பிற்பகலில் டிவைனுடன் தொலைக்காட்சியில் தோன்றி அவர் நிதானமாக விளக்கியது பலருக்கு ஆறுதலாக இருந்தது. கடைகளை இழந்தவர்களுக்கு அதே முகம் கோபத்தின் அடையாளமானது. அவரது வீட்டின் முன் போராட்டங்கள் நடந்தன. 2020 ஜூனில் அவர் பதவி விலகினார்.

இந்தத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் முக்கிய ஆயுதம் அந்த நாட்களின் நினைவுதான். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அந்த உத்தரவுகள் குடியரசுக் கட்சி ஆளுநரின் ஆட்சியில் பிறந்தவை. அவரை 2022-ல் ஒஹாயோ மக்கள் ஏறக்குறைய 62 சதவீத வாக்குகளுடன் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒஹாயோவின் ஒரே பெண் ஆளுநர் நான்சி ஹோலிஸ்டர். அவரும் முந்தைய ஆளுநர் விலகியதால் 1999 தொடக்கம்வரை பதினொரு நாட்கள் மட்டுமே பதவியில் இருந்தார். தேர்தலில் வென்ற பெண் இதுவரை இல்லை.

துணை ஆளுநர் வேட்பாளராக மாநில செனட் தலைவர் ராப் மெக்காலியை ராமசாமியும், ஜனநாயகக் கட்சியின் முன்னாள் மாநிலத் தலைவர் டேவிட் பெப்பரை ஆக்டனும் அறிவித்துள்ளனர். ஆட்சி அனுபவமற்ற இருவரும் அரசியல் அனுபவமுள்ள துணைகளைத் தேடியது இயல்பே.

எண்கள் சொல்வது என்ன?

காகிதத்தில் பார்த்தால் ராமசாமிக்கே சாதகம். 1991 முதல் ஒஹாயோவை ஆண்ட ஒரே ஜனநாயகக் கட்சி ஆளுநர் டெட் ஸ்டிரிக்லாண்ட் (2007-2011). 2016, 2020 தேர்தல்களில் ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகளிலும் 2024-ல் 11 புள்ளிகளிலும் டிரம்ப் இங்கு வென்றார்.

எனினும், ஸ்டிரிக்லாண்ட் வென்ற 2006, ஜார்ஜ் புஷ்ஷின் இரண்டாவது பதவிக்காலத்தில் நடந்த இடைக்காலத் தேர்தல் ஆண்டு. ஒபாமா அதிபராக இருந்த 2010-ன் இடைக்காலத் தேர்தலில் அதே ஸ்டிரிக்லாண்ட் தோற்றார். வெள்ளை மாளிகையில் இருக்கும் கட்சிக்கு இடைக்காலத் தேர்தல் பெரும்பாலும் சுமைதான். 2026-ம் அப்படியோர் ஆண்டே. கருக்கலைப்பு உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்கும் திருத்தத்தை 2023-ல் சுமார் 57 சதவீத வாக்காளர்கள் ஆதரித்ததும், இம்மாநிலம் முழுமையாக ஒரு பக்கம் சாய்ந்துவிடவில்லை என்பதற்குச் சான்று. 2025-ன் மத்தியில் ராமசாமிக்குத் தெளிவான முன்னிலை காட்டிய கருத்துக்கணிப்புகள், ஆண்டின் இறுதியில் இருவரையும் ஏறக்குறைய சமநிலையில் காட்டின.

வாக்காளர்கள் பேசுவது பெரும்பாலும் பணத்தைப் பற்றி. மாநில வருமான வரி 2026 முதல் ஒரே சீராக 2.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளது. அதையும் முற்றிலும் ஒழிப்பதே தமது இலக்கு என்கிறார் ராமசாமி. ஆனால் மக்களை அதிகம் வாட்டுவது வீட்டுச் சொத்து வரி. அதை அடியோடு நீக்கக் கோரிக் கையெழுத்து இயக்கமே நடக்கிறது. பள்ளிகளும் உள்ளாட்சிகளும் அந்த வரியை நம்பியே இயங்குவதால், குறைத்தால் ஈடு செய்வது எப்படி என்ற கேள்விக்கு இரு தரப்பும் பதில் சொல்லியாக வேண்டும். தலைநகர் கொலம்பஸ் அருகே 2022-ல் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்ட இன்டெல் சிப் ஆலையின் முதல் பிரிவு, 2025-க்குப் பதிலாக 2030-ஐ ஒட்டியே நிறைவடையும் என்பதும் விவாதப் பொருள்.

இந்தியர்களுக்கு என்ன மாறும்?

நேரடியாக அதிகம் மாறாது. விசா, குடியுரிமை, இறக்குமதி வரி ஆகியவை மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற 2025 செப்டம்பர் உத்தரவை எந்த மாநில ஆளுநராலும் மாற்ற இயலாது. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களின் நிதி, தொழில் தொடங்கும் நிறுவனங்களுக்கான சலுகைகள், மருத்துவர் உள்ளிட்டோருக்கான மாநில உரிமங்கள் ஆகியவற்றில்தான் ஆளுநரின் கை இருக்கும். ஒஹாயோவில் படிக்கும், பணிபுரியும் இந்தியர்களைத் தொடுபவை இவையே.

ஆனால் ஒஹாயோ ஆளுநர் மாளிகைக்கு வேறொரு வரலாறும் உண்டு. ரதர்ஃபோர்ட் ஹேய்ஸ், வில்லியம் மெக்கின்லி ஆகிய இரு ஆளுநர்கள் பின்னர் நாட்டின் அதிபரானார்கள். ஏற்கெனவே ஒருமுறை அதிபர் பதவிக்கு முயன்ற நாற்பது வயதுக்காரர் அந்த வரலாற்றை அறியாதவராக இருக்க வாய்ப்பில்லை.

நவம்பரில் தேர்ந்தெடுக்கப்படுபவர் 2027 ஜனவரி 11-ம் தேதி பதவியேற்பார். அதே நவம்பர் வாக்குச்சீட்டில், வான்ஸ் விட்டுச் சென்ற செனட் இடத்துக்கு ஹஸ்டட்டும் ஷெராட் பிரவுனும் மோதும் நிலை உருவாகியுள்ளது.