கல்லாலும் அளவையும்

தென்முகக் கடவுள் நால்வர்க்கு அறமுணர்த்திய நிழல் திருமுறைகளில் ஆல் எனவும் கல்லால் எனவும் வழங்கும். தாவர நூலாரோ இவற்றை வெவ்வேறு மரமாகக் கொள்வர். ஆவடியை அடுத்த வெள்ளானூரிற் பெயரறியா ஆலினமரமொன்று காணப்படின், அதனைத் துணியுமாறு யாது?

சிவஞான சித்தியாரின் அளவையியல் பொருளினது இயல்பைப் பொதுவியல்பு, தன்னியல்பு என வகுக்கும். காயினுள்ளே பூ மறைந்திருத்தல் ஆல், அரசு, அத்தி யாவற்றுக்கும் பொதுவியல்பு. அதனளவில் நிற்பது ஐயக்காட்சி. விரைந்து பெயரிடுவது திரிபு. ஆலுக்கு விழுதும், அரசுக்கு வால்போல் நீண்ட இலைநுனியும், அத்திக்கு அடிமரத்துக் காய்க்கொத்தும் தன்னியல்பாம். விழுதின்றி, இலையின் அடிப்புறமும் காயும் மென்மயிர் செறிந்து, காய்கள் இலைக்கக்கத்தில் இணையாய்க் காம்பின்றி அமையின் கல்லால் எனக் கொள்க. விழுதின்மை ஒன்றே சான்றாகாது. இளைய ஆலுக்கும் விழுதில்லை. குருமூர்த்தி திருமுன் கல்லால் நட விழைவார் இவையனைத்தையும் ஒருங்கு நோக்கித் தெளிதல் கடன்.