காற்சிலம்பும் காவல் நிலையமும்

தோழனே! அரியலூர் மாவட்டத்திலே, கொள்ளிடத்தின் வடகரைப் பக்கமாய் இருக்கிறது ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயில் கொண்ட ஊர். இத்தாலியிலே பிறந்த பெஸ்கிக்கு இந்த ஊர் இடம் தந்தது. வீரமாமுனிவர் என்ற பெயரோடு அவர் தமிழுக்குச் சதுரகராதி தந்தார். பக்தி நமக்கில்லை, ஆனால் அடைக்கலம் என்ற அந்தச் சொல்லின்மீது பற்று உண்டு!

மதுரைக்கும் ஓர் அயலூரான் போனான். காவிரியின் வடகரையோடு மேற்கே நடந்து, வழியெல்லாம் வருந்தி, மனைவியின் ஒற்றைச் சிலம்பை விற்கப் போனான் கோவலன். யாரிடம் விற்கப் போனான்? அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருந்த பொற்கொல்லனிடமே!

திருடன் அரண்மனைக்கு வேண்டியவன். கோவலனுக்கோ அந்த ஊரில் "இவனை எனக்குத் தெரியும்" என்று சொல்ல ஒரு நாதியில்லை. அது போதாதா? அரசியின் ஊடலைத் தீர்க்க விரைந்த பாண்டியன், சிலம்பு அவன் கையிலிருந்தால் கொன்று கொண்டுவரச் சொன்னான். காவலர் சிலர், இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். உடனே பொற்கொல்லன் மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று கள்வர்க்குத் துணையாகும் எட்டை எண்ணிக் காட்டினான். திருட்டைப் பற்றித் திருடனே பாடம் நடத்துகிறான், கேட்டாயா! குடிவெறியிலிருந்த ஒருவன் வாளை வீசினான். சிலம்பை உடைத்து உள்ளே மாணிக்கமா முத்தா என்று பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பழங்கதை என்கிறாயா? 1871-இல் வெள்ளையன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தாய் வயிற்றிலிருந்து விழும்போதே குழந்தைக்குத் திருடன் என்று பெயர்! 1920 ஏப்ரலிலே பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்து நின்றவர்களைத் துப்பாக்கிக் குண்டு துளைத்தது. சட்டம் போயிற்று. சந்தேகம் போயிற்றா?

1993. கடலூர்ப் பக்கத்திலே நகை காணோம் என்றார்கள். ஊருக்கு ஒதுங்கி வாழ்ந்த குறவர் குலத்துக் கூலித் தொழிலாளி ஒருவரைக் கம்மாபுரம் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். அடித்தே கொன்றார்கள். உடல் கிடந்தது எங்கே தெரியுமா? நம் ஜெயங்கொண்டம் பக்கத்திலே! வழக்கறிஞர் சந்துருவோடு நின்று அவருடைய மனைவி நீதி கேட்டார். 2021-இல் ‘ஜெய் பீம்’ படமாக நாடே பார்த்த வழக்கு அது.

பாண்டியனாவது, தானே கள்வன் என்று சொல்லி அரியணையிலே உயிரைவிட்டான். இவர்களோ, கைதி தப்பி ஓடிவிட்டான் என்று எழுதி வைத்தார்கள்!